தேன் நிறத்தில் வடிந்த ஆயில்

மருந்துக்கடைக்காரர் பயப்படாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. இடி இடித்தால் பயப்படுவார். இடிக்காவிட்டால், எப்போது இடிக்குமோ என்று பயப்படுவார். கடைக்கு வரும் சீட்டை இரண்டு முறை படித்து, டாக்டருக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மாத்திரை அட்டையில் கை வைப்பார். அப்படிப்பட்ட மனிதர் டர்போ வைத்த புதுக் கார் வாங்கினால் என்ன ஆகும்? இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போயிற்று.

டர்போவுக்குள் ஒரு சின்னச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுகிறது, அதைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான் என்று எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தார். முதல் ஆயில் மாற்றும் காலம் நெருங்கியதும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. சர்வீஸ் சென்டரில் பீப்பாயிலிருந்து எதையாவது ஊற்றிவிடுவார்கள் என்று பயந்து, தானே மாற்றுவது என்று முடிவு செய்தார். எந்த ஆயில் என்பதில்தான் சிக்கல். மெல்லியது ஊற்றினால் மலை ஏறும்போது சூட்டில் தாங்குமா? கெட்டியானது ஊற்றினால் காலைக் குளிரில் டர்போ வரை போய்ச் சேருமா?

"காரோட வந்த புக்குல போட்டிருக்கிற நம்பரை வாங்கிட்டுப் போங்களேன் சார்" என்று ஆயில் கடைக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"புக்கு எழுதினவர் எங்க ஊர் மலையில ஏறியிருப்பாரா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார் இவர்.

வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. "என்னைக் கட்டிக்கச் சரின்னு சொல்ல உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகல. ஒரு டப்பா ஆயிலுக்கு இத்தனை வாரமா?" என்றாள் மனைவி. அவளுடைய தங்கை, நிறைமாதக்காரி, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தாள். "மாமா, என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற பொறுப்பை மட்டும் உங்ககிட்ட தரவே மாட்டேன். காலேஜ் போற வரைக்கும் பேர் இல்லாமத் திரியும்."

மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு தடவையும் அவரைக் கொஞ்சம் கிள்ளத்தான் செய்தது.

மச்சினியின் கணவர் கப்பல் வேலையில் இருந்ததால் அவள் இங்கே வந்திருந்தாள். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்குமே ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸும் அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் காரை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று இவர் துடித்தார்.

கடைசியில் புத்தகத்தில் போட்டிருந்த அதே ஆயிலைத்தான் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, காரைச் சாய்வுப் பலகைமேல் ஏற்றிவிட்டு அடியில் நுழைந்தார். ஒரு போல்ட்டைக் கழற்றினார். ஆயில் தட்டில் இறங்கியது. தேன் போல, லேசான சிவப்போடு, கண்ணாடி மாதிரி இருந்தது. பார்த்ததும் அவருக்குப் பூரிப்பு. "எஞ்சின் எவ்வளவு சுத்தம் பாரு!" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்து பில்டரைக் கழற்றியபோது விரலில் வழிந்த ஆயில் மை போலக் கறுப்பாக இருந்தது. அவர் ஒரு கணம் நின்றார். விரலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அழுக்கையெல்லாம் பில்டர்தானே பிடித்து வைக்கும், கறுப்பாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புது பில்டரை மாட்டி, புது ஆயிலை ஊற்றி முடித்தார்.

அப்போதுதான் உள்ளே மச்சினியின் அலறல் கேட்டது.

மனைவி அவளைத் தாங்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்துவிட்டாள். "வலி வந்துடுச்சுங்க! சாவி எங்க?"

"இரு, அளவுக் கம்பியில ஆயில் மட்டத்தை ஒரு தடவை பார்த்துட்டு..."

"ஆயில் ஊத்தியாச்சா இல்லையா?"

"ஊத்தியாச்சு. ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! அவ துடிக்கிறது தெரியலையா?"

அந்த வலியிலும் மச்சினி அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "மாமா... ஆயில் நல்ல ஆயில்தானே?"

தொண்டைவரை வந்த வார்த்தையை மருந்துக்கடைக்காரர் விழுங்கிவிட்டார். நிறம் சரியில்லை என்று சொல்லியிருந்தால் மறுபடி சிரித்திருப்பார்கள். காரைப் பலகையிலிருந்து இறக்கி, சாவியைக் கொடுத்தார்.

"இந்தக் கோலத்துல சீட்டுல உட்காராதீங்க. குளிச்சிட்டு ஸ்கூட்டர்ல பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி வண்டியைக் கிளப்பினாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. அவர் தட்டின் முன் குந்தி உட்கார்ந்து, விரலை ஆயிலில் தொட்டு மோந்து பார்த்தார். மூடியைத் திறந்ததுமே எந்த மருந்து என்று மூக்கால் சொல்லிவிடுபவர் அவர். இது எஞ்சினில் வெந்த வாசனை இல்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தார். அடியில் இரண்டு போல்ட்டுகள் இருந்தன. முன்னால் இருப்பது எஞ்சினுக்கு. பின்னால் இருப்பது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு. அவர் கழற்றியது பின்னால் இருந்ததை.

கியர் பெட்டி வற்றிக் கிடக்கிறது. எஞ்சினில் பழைய ஆயிலும் புது ஆயிலும் சேர்ந்து இரண்டு மடங்கு நிற்கிறது. சமவெளியில் கொஞ்ச தூரம் ஓடும். மேட்டில் கியர் பிடிக்காது. பிடிக்காவிட்டால் கார் பின்னால் உருளும்.

புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்தார்.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் இவரேதான். மச்சினிக்குப் போட்டார். அது சோபாவில் கிடந்து அடித்தது.

ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட் போடாமல் கேட்டைத் தாண்டியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவும் அவரைக் கொன்று கொன்று எடுத்தது. இந்த வளைவில் இருப்பார்களோ, அடுத்த வளைவில் கிடப்பார்களோ என்று எட்டி எட்டிப் பார்த்தபடி ஓட்டினார். எதிரே வந்த லாரி ஹார்ன் அடித்ததற்கு இவர் வாய்விட்டு அழுதார். "கடவுளே, கடவுளே" என்பதற்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை.

பாதி மலையில் கருகிய நாற்றம் வந்தது. வளைவு திரும்பியதும் காரைப் பார்த்தார். பின்பக்கம் ஓரச் சுவரில் மோதி நின்றிருந்தது. அந்தச் சுவர் அவர் இடுப்பு உயரம்கூட இல்லை, அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை.

ரோட்டில் மச்சினியின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

யாரைக் கூப்பிடுவது என்று தோன்றாமல் வெறுமனே கத்தினார். சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். மரங்கள்தான் தெரிந்தன. அந்தச் செருப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மறுபடி ஸ்கூட்டரில் ஏறினார். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆபரேஷன் அறை வாசலில் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் உடைந்துபோனாள்.

"கியர் பிடிக்கவே இல்லைங்க. வண்டி பின்னால போக ஆரம்பிச்சிடுச்சு. பிரேக்கை மிதிச்சு, கை பிரேக்கையும் இழுத்து, எப்படியோ சுவர்ல கொண்டுபோய் முட்டிட்டேன். ஒரு ரொட்டி வண்டிக்காரர்தான் எங்களை ஏத்திட்டு வந்தார். நேரமாயிடுச்சுன்னு டாக்டர் திட்டுறாரு. இன்னும் ஒண்ணும் சொல்லல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். அளவு பார்க்கணும்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேட்கலை. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் கொன்னேன்."

வாயை மூடிக்கொண்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தால் போதும். விஷயம் அதோடு முடிந்துவிடும். தன்னால் அப்படிச் செய்துவிட முடியும் என்று தெரிந்தபோது, மலைப் பாதையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார் மருந்துக்கடைக்காரர்.

"உன்னால இல்ல" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "நான் கழட்டினது தப்பான போல்ட். கியர் ஆயிலை வடிச்சுட்டேன். சாவியைக் கொடுக்கும்போதே எனக்குச் சந்தேகம். நிறம் வேற மாதிரி இருந்துச்சு. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை."

மனைவியின் அழுகை நின்றது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கெடுத்தாலும் பயப்படுவீங்களே. நாங்க வண்டியில ஏறும்போது மட்டும் எங்க சிரிப்புக்குப் பயந்தீங்களா?"

பெஞ்சில் இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அறைக் கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அது அணைந்து வெகுநேரம் கழித்துத்தான் நர்ஸ் வெளியே வந்தாள். "பெண் குழந்தை. மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்பட்டுச்சு, இப்ப நல்லா இருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க." பிறகு மருந்துக்கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையெல்லாம் ஆயில். "மாமான்றது நீங்களா?"

"ஆமா."

"கண்ணு முழிச்சதுலேர்ந்து ஒரே பேச்சு. 'எங்க மாமா ரொம்பப் பயந்தவர். தன்னோட ஆயிலாலதான் வண்டி நின்னுச்சுன்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவார். அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுங்க'ன்னு."

மருந்துக்கடைக்காரர் நிமிரவில்லை. சட்டைக்குள்ளிருந்து செருப்பை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போங்க" என்றாள் மனைவி. குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "என்கிட்ட சொன்னதை அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் எழுந்து உள்ளே போனார்.