அண்ணி மாலையின் இரண்டு மணிகள்

தையல்காரிக்குக் கை சும்மா இருக்காது. அறுந்த மாலையைக் கோத்து வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மகளின் பிரசவத்துக்காக அண்ணி வெளியூர் போனாள். சொன்னதைச் செய்துவிட்டுப் போகவேண்டியதுதானே? ஒரு மணி மெஷின் காலடியில் சிக்கி நொறுங்கியது. இவள் குனிந்து பார்த்தாள். கல்லுக்குள் வெள்ளையாக மாவு இருந்தது.

லேசுப்பட்ட மாலை அல்ல அது. "கடல் கல்லு, விலை மட்டும் கேக்காதே" என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மறு வருஷமே அவன் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அது அறுந்து விழும்வரை, தூங்கும்போதுகூட அண்ணி அதைக் கழற்றியதில்லை.

கல்லுக்குள் மாவு ஏது, விதையாக இருக்குமோ என்று தையல்காரி இன்னொரு மணியையும் உருவி, ஜன்னலோரத் தொட்டியில் புதைத்துவிட்டாள். துணிச்சலைப் பாருங்கள்.

"கல்லுக்குத் தண்ணி ஊத்துற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான் புருஷன். முளை எட்டிப் பார்த்ததும் அவனே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

மக்காச்சோளம் மாதிரி இலை விட்டு வளர்ந்தது புல். இலை இடுக்குகளில் பச்சை மணிகள் தொங்கின. அவசரக்காரி ஒன்றைப் பறித்தாள். அது காய்ந்து சுருங்கிப்போனது. பிறகு பொறுமையாக இருந்தாள். மணிகள் வெளுத்து, சாம்பல் நிறமாகி இறுகின. நுனியில் இருந்த குச்சத்தை இழுத்தால் நரம்போடு வந்தது, நடுவில் அழகாக ஒரு துளை. ஊசிக்கே வேலையில்லை.

இரண்டைச் சேர்த்துக் கோத்தாள். இனி சொல்வதா, மறைப்பதா? அண்ணன் பொய் சொன்னான் என்று தெரிந்தால் அண்ணி தாங்குவாளா? அண்ணி வருகிற அன்று தொட்டியைக் குளியலறைக்குள் தள்ளினாள்.

வந்தவள் நேரே கை கழுவத்தான் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இது என்னடி?"

தையல்காரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மன்னிச்சிடுங்க அண்ணி. அது கல்லு இல்ல, புல்லு விதை."

அவள் நீட்டிய மாலையை வாங்கி அண்ணி தடவினாள். பழசுக்கு நடுவே புது மணிகள் இரண்டும் பளபளத்தன. முதலில் அழுதாள். அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது.

"உங்க அண்ணன் என்கிட்ட சொன்ன பொய் ஒண்ணா ரெண்டா. இது ஒண்ணுதான் முளைச்சிருக்கு."

மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

"இதுக்கு வெயில் வேணுமா, நிழலா?" என்று கேட்டாள்.