நீலம் காட்டிய இலை

விரல் நீளக் குழாய்க்குள் மாதுளைச் சாறு போல் கிடந்த சிவப்பு, தையல்நாயகி கண்ணிமைப்பதற்குள் நீலமாகிவிட்டது. அவள் முதலில் குனிந்து தன் கால்களைத்தான் பார்த்தாள். மரக்காணம் அளத்தில் வருஷக்கணக்காக உப்பு வாரிய கால்கள், விரலிடுக்கெல்லாம் புண். இனிமேலும் உப்புத் தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் காலைக் காப்பாற்றத்தான் குத்தகை நிலத்தில் தர்பூசணி போட்டிருந்தாள். காய் விலைக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அளத்துக்குப் போவது, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்றிருந்தாள்.

"வைரஸ் இருக்குதுக்கா," என்றாள் பிரியங்கா. ஆராய்ச்சி நிலையத்துப் பெண். நல்ல பெண்தான், யார் கேட்டாலும் சலிக்காமல் விளக்குவாள். குழாயில் இருப்பது கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள். அதன்மேல் ஒட்டவைத்த டிஎன்ஏ துண்டு, இலைச்சாற்றில் நுனிக்கருகல் வைரஸ் இருந்தால் அதைக் கவ்விக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சிவப்பு நீலமாகும். வைரஸ் இல்லையென்றால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். லேபுக்கு அனுப்பிக் காத்திருக்கும் வேலை இல்லை, அவரவர் பறித்துக் கொண்டுவரும் இலைக்கு ஊரிலேயே தீர்ப்பு.

"செடி பச்சப்பசேல்னு இருக்குதேம்மா?"

"செடியில தெரியறதுக்கு முன்னாடி இதுல தெரிஞ்சிடும்க்கா. அதுக்குத்தான் இது."

நீலம் காட்டினால் அன்றைக்கே செடியை அழித்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. போன வருஷம் பக்கத்து வயல்காரர் சிங்காரத்துக்கு நீலம் விழுந்தது. ரெண்டு நாள் பொறுங்கள் என்று அவர் கெஞ்சினார். "உன் ஒருத்தனுக்காக ஊரே நாசமாப் போவணுமா?" என்று வரப்பில் நின்று கத்தியவள் தையல்நாயகிதான்.

இந்த வருஷம் டிராக்டரைச் சிங்காரமே ஓட்டி வந்தார். பின்னால் பூட்டிய ரொட்டவேட்டரின் கத்திகள் சுழலச் சுழல, உள்ளங்கைக்குள் அடங்கும் பிஞ்சுகள் வெடித்து வெள்ளைச் சதை தெறித்தது. ஒரு மூலை விடாமல் நிதானமாக ஓட்டினார். ஓட்டி முடித்த இடத்தில் வண்டியைத் திருப்பி, அழிக்க ஒன்றுமில்லாத மண்ணில் இன்னொரு முறையும் ஓட்டினார். தையல்நாயகி வாயைத் திறக்கவில்லை. எந்த வாயால் திறப்பது?

மறுநாளும் அளத்துக்குப் போனாள். இனி அதுதான் கதி. வேலை முடிந்து வந்தபோது பிரியங்கா வயலில் நின்றிருந்தாள். மோட்டார் கொட்டகை ஓரம் தப்பிப் பிழைத்த ஒற்றைக் கொடியில் தானே இலை பறித்து, அரைத்து, குழாயில் விட்டிருந்தாள். சிவப்பு. இன்னொரு இலை. அதுவும் சிவப்பு. அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"நேத்து இலைய எப்பக்கா பறிச்சீங்க?"

"விடிகாலைல, அளத்துக்குப் போறப்ப. வாடக் கூடாது, ஈரத்துணில சுத்திக் கொண்டான்னு நீதான சொன்ன? தலத்துணியில சுத்தி, காயக் காய நனச்சிக்கினே இருந்தேன். எம்மாம் வேலையிலயும் மறக்கல." சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"எந்தத் தண்ணியில?"

"அளத்துல வேற என்னா தண்ணி இருக்குது? வாய்க்கா தண்ணிதான்."

பிரியங்கா தலையைக் குனிந்துகொண்டாள். "உப்பு பட்டாலே அது நீலமாயிடும்க்கா. வைரஸே தேவையில்ல," என்று முனகினாள். உடனே குரல் உயர்ந்தது. "ஈரத்துணின்னுதான் சொன்னேன். உப்புத் தண்ணில நனைக்கச் சொன்னேனா? மத்தவங்கல்லாம் நல்ல தண்ணிலதான நனச்சாங்க?"

மற்றவர்கள் யாரும் அளத்தில் வேலை செய்பவர்களில்லை. அது பிரியங்காவுக்கும் தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற சிங்காரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா," என்றார், "எங் கெணத்துத் தண்ணியும் உப்பு கரிக்கும். போன வருஷம் அதுலதான் நனச்சிக் கொண்டாந்தேன்."

தையல்நாயகி கையை நீட்டிச் சிவப்புக் குழாயை வாங்கினாள். தலையிலிருந்து துணியை அவிழ்த்து, அன்றைய அளத்து ஈரம் காயாத முனையைக் குழாயின் வாயில் வைத்துப் பிழிந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு கலங்கி, ஊதாவாகி, நீலமானது.

"போதும்க்கா," என்றாள் பிரியங்கா.

தையல்நாயகி நிறுத்தவில்லை. முறுக்கி முறுக்கிப் பிழிந்தாள். குழாய் நிரம்பி வழிந்து, புண்ணாய்க் கிடந்த அவள் கால்விரல்களின் மேல் நீலம் சொட்டிக்கொண்டிருந்தது.