புண்ணாற்றும் விரதம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாய் வெற்றிலை. அதை நான் நேரத்தோடு துப்பியிருந்தால் முத்தம்மாள் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். நீங்களும் இதைப் படிக்க வேண்டியிருந்திருக்காது.

எழுபத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். மரக்காணத்தில் சகாதேவன் நடத்திய சின்னக் கம்பெனியில் நான் விளம்பரப் பிரிவு. பிரிவில் இருந்ததே நான் ஒருவன்தான். மீனின் காற்றுப்பையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, அப்பளம் மாதிரி தகடாக்கி, ஆறாத புண்மேல் ஒட்ட விற்பது தொழில். [விற்பது என்று எழுதிவிட்டேன். அதுவரை ஒன்றும் விற்கவில்லை. முதல் தகடுகளை உப்பளத்து ஆட்களுக்கு இலவசமாகக் கொடுப்பதாக ஏற்பாடு.]

ஜட்கா வண்டியில் மைக் கட்டிக்கொண்டு உப்பளக் கரையோரம் முழங்கினேன்: “ஆறாத புண்ணுக்குப் புரதம்! மூணே நாள் புரதம்!”

வெற்றிலைச் சாறு நிறைந்த வாயில் ‘ப’ வராது. உதட்டை மூடித் திறந்தால் சட்டை சிவந்துவிடும். ஆகவே உதடு ஒட்டாமலே கத்தினேன். மைக்கிலிருந்து கிளம்பியது ‘வுரதம்’. கடல்காற்றில் பக்கத்து ஊரான அனுமந்தை போய்ச் சேர்ந்தபோது ‘விரதம்’.*

ஆடி மாதம் வேறு. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

* ‘புண்’ மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். தப்பவில்லை, அதுவும் ‘வுண்ணு’தான். ஆனால் உப்பளத்தில் அந்தச் சொல்லைப் பாதி சொன்னாலே போதும்.

2

முத்தம்மாள் கதையை எழுத உட்கார்ந்து முதல் வரிக்குப் பட்ட பாடு:

‘உப்புக் குவியல்கள் வெயிலில் வெள்ளியாய்’ (அடித்துவிட்டேன். அங்கே நிற்கிறவர்களுக்குக் கண் கூசும், அவ்வளவுதான்.)

‘முத்தம்மாளின் கணுக்காலில் ஒரு புண், சின்னப் பூவைப்’ (சீ.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். முத்தம்மாள் அனுமந்தைக்காரி, உப்பு வாருகிறவள். நாளெல்லாம் பாத்தியின் உப்புத்தண்ணீரில் நிற்பதால் கணுக்கால் புண் மூட மூடத் திறந்துகொண்டது. மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆடி முடிவதற்குள் கால் சரியாகாவிட்டால் அவள் பாத்திக்கு வேறு ஆள்.

‘அவளுக்கு வேறு வேலை தெரியாது’ என்று எழுதினால் சோகம் கூடும். ஆனால் பொய். கருவாடு போடத் தெரியும், களை எடுக்கத் தெரியும், வாயடிக்க நன்றாகத் தெரியும். அந்தப் பாத்தியை அவளே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருந்தாள். இன்னொருத்தி அதில் இறங்குவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

3

இப்போது கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுப்பைகளைச் சுரண்டிக் கழுவி, காடி போன்ற மெல்லிய அமிலத்தில் ஊறப்போட்டால் கஞ்சியாகக் கரையும். வடிகட்டி உப்பைப் போட்டால் புரதம் வெள்ளை நூலாகத் திரண்டு வரும். மறுபடி கரைத்து, உப்புப் போக அலசி, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் தகடு. புண்ணில் ஒட்டினால் புதுச்சதை அதைப் பற்றிக்கொண்டு வளரும், கொத்தனார் சாரத்தில் ஏறுவதுபோல. வேலை முடிந்ததும் சாரத்தை உடம்பே தின்றுவிடும். இதே பொருளைச் சீமையில் தெளியவைக்கவும் போடுவார்களாம். குடிக்கிறவனை அல்ல, பீரை.

தொட்டியில் புரதத்தைத் திரட்டித் தருவது உப்பு. வெளியே முத்தம்மாளின் காலைத் தின்பதும் உப்பு. இந்த இடத்தில் ஆழமாக ஏதாவது சொல்லலாமென்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

4

மூன்றாம் நாள் முத்தம்மாள் நொண்டிக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டாள்.

“மைக்குல கத்துனது நீங்கதானே சார்? மூணு நாளா பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் தொடல. புண்ணு அப்டியேதான் இருக்குது, வயிறுதான் ஒட்டிப்போச்சி. எந்தச் சாமிக்குன்னு சொல்லாம வுட்டுட்டீங்களே!”

“விரதம் இல்லம்மா. புரதம்!”

“அதான் நானும் சொல்றேன், வெரதம்.”

“பு... பு...”

“இன்னாத்துக்கு சார் ஊதறீங்க?”

உள்ளேயிருந்து சகாதேவன் வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்பா, வருஷக்கணக்கா மீன் நாத்தத்துல நின்னு மருந்து செஞ்சேன். ஒரே வெத்தலையில அத சாமியாக்கிட்டியே!”

என் சாப்பாட்டு டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “கொழம்புல புளி பத்தல சார்” என்றாள். பிறகு தகட்டை நனைத்து அவள் காலில் ஒட்டி, மேலே துணி சுற்றிக் கட்டினேன்.

“இது இன்னா?”

“மீனோட காத்துப்பை.”

“சட்டியில போடறத கால்ல போடறீங்க. செய்ங்க, செய்ங்க.”

5

முடிவு மூன்று எழுதிவைத்தேன்.

அ. தகடு ஆற்றியது. சகாதேவன் இதைத்தான் விரும்பினார். நடுவில் கம்பெனியின் பெயர் இரண்டு தடவை வர வேண்டும் என்றார்.

ஆ. விரதம் ஆற்றியது. அனுமந்தையில் இதற்குத்தான் ஆதரவு. இன்னும் நாலைந்து பேர் பட்டினியில் இறங்கிவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய், உதட்டை நன்றாக ஒட்டி, ‘பு’ சொல்லிச் சாப்பிடவைத்தேன்.

இ. உப்புத்தண்ணீரில் நிற்காததால் தானாகவே ஆறியது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னது. “அப்டியும் சொல்லலாம், இப்டியும் சொல்லலாம்” என்றும் அவரே சொன்னார்.

யாரைக் கேட்டாலும் இப்படித்தான். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மூன்றையும் எடுத்துக்கொண்டு முத்தம்மாளிடமே போனேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். படித்துக் காட்டினேன். சகாதேவன் பெயர் வந்த இடத்தில் சிரித்தாள். விரதம் வந்த இடத்தில் என்னை முறைத்தாள்.

“எதனால ஆறிச்சி? நீயே சொல்லிடும்மா. அதையே வச்சிடறேன்.”

“மூணுலயும் எனக்கு ஆறிப்போச்சா?”

“ஆமாம்மா.”

குனிந்து காலில் இருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள்.

“ஆறல சார். ஓரத்துல புதுத்தோலு வந்துருக்குது, நடுவுல தெறந்துதான் கெடக்குது. மேஸ்திரிகிட்ட என்கூட வந்து, இன்னும் ஆறல, பத்து நாளு குடுன்னு கேளுங்க. எழுதறத அப்பால எழுதிக்கலாம்.”