காரிகர்

ரப்பர் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, வலைச் சட்டத்தின் மேல் சிவப்பு மையைத் தன் பக்கமாக இழுத்தாள் சாயிரா. சட்டத்தைத் தூக்கினாள். தாளில் இருந்த பெண்ணின் தலையில் சிவப்புத் துணி மயிரிழை விலகாமல் உட்கார்ந்திருந்தது. சிவப்புதான் கடைசி நிறம்; அது தப்பினால் முன்னால் அடித்த மஞ்சளும் நீலமும் வீண்.

தாராவியில் ஜெயினுலாப்தீனின் அச்சுப்பட்டறையில் ஆறு வருஷமாகப் பாயில் உட்கார்ந்து தாள் சுருட்டியவள் அவள். எழுந்தால் முட்டி நிமிராது. மேசையில் நின்று அச்சடிக்கிறவர்களைத்தான் காரிகர் என்பார்கள்; அவர்களுக்குக் கூலியும் இரட்டிப்பு. பீகார்க்காரக் காரிகர் மூவரும் ஓட்டுப் போட ஊருக்குப் போன நேரம் பார்த்து இந்த ஆர்டர் வந்து விழுந்தது. ஜெயினுலாப்தீன் திண்டாடிப் போனார். "ஏட்டி, நீயே மேசைக்கு வா" என்றார். இரண்டாம் நாள், "படத்துல நிக்கவ ஒன் அக்காளா? அவள மாதிரியே துப்பட்டாவ முடிஞ்சிருக்கே" என்று கிண்டல் வேறு.

மாதிரி பார்க்க மாட்டுங்காவிலிருந்து சாருலதா வந்தாள். அவள் ஆபீசில் பெண்களுக்கான விழாவுக்குத்தான் போஸ்டர்.

"எங்க காரிகர் சாயிரா அடிச்சது" என்றார் ஜெயினுலாப்தீன். சாயிராவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ரொம்ப நன்னா வந்திருக்கு."

"யாரு மேடம் இவ? கையில ஸ்பானரு, பின்னால ஏரோப்ளேனு?" என்று கேட்டாள் சாயிரா.

"ரெண்டாம் உலக யுத்தத்துல ஒட்டினது. ஆம்பிளைகள்லாம் சண்டைக்குப் போயிட்டா, ஃபேக்டரில ஆளில்லை. பொம்மனாட்டிகளை வேலைக்கு வரச் சொல்லி இதை ஒட்டினா."

"சண்ட முடிஞ்சி அவங்க வந்த பொறவு இவளுவ என்ன ஆனாளுவ?"

"அது… நான் பார்க்கலையே." சாருலதாவின் போன் அடித்தது. பேசிக்கொண்டே படியிறங்கினாள்.

திங்கட்கிழமை காரிகர்கள் வந்து சேர்ந்தார்கள். சாயிராவின் மேசையில் அவர்களில் ஒருவனான அஸாருதீன் நின்றான்.

"நீ பாயில இருந்துக்கோ, என்னா?" என்றார் ஜெயினுலாப்தீன்.

"காக்கா," அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். "ஒரு மேசையாவது எனக்கு விடுங்களேன். ஒரு தாளாவது தப்பாப் போச்சா?"

"தப்பாப் போச்சுன்னு யாரு சொன்னா? அவனுவ குடும்பஸ்தனுவ புள்ள."

சாயிராவுக்கும் இரண்டு பிள்ளைகள். புருஷன் மவுத்தாகி நாலு வருஷம். அது அவருக்குத் தெரியாததல்ல. பாயில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் சாருலதா போனில் இன்னும் இருநூறு கேட்டாள். அஸாருதீன் இழுத்த முதல் தாளில் சிவப்பு நழுவிக் கண்ணை மூடியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

"சாயிரா, எப்படி வச்சேன்னு அவனுக்குக் காட்டிக் குடு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். தாளின் மூலையைக் கட்டைவிரலால் ஒட்டி நகர்த்தினாள். சட்டத்தை ஒரு நூல் தூக்கி வைத்தாள். அஸாருதீன் இழுத்தான். துணி தலையில் சரியாக உட்கார்ந்தது.

"ஷாபாஷ்" என்று அவன் முதுகில் தட்டினார் ஜெயினுலாப்தீன்.

சாயிரா பாய்க்குத் திரும்பினாள். தான் அடித்துக் காயவைத்த தாள் ஒன்றை மடியில் இழுத்து, படத்துப் பெண்ணின் காலிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். ஸ்பானர் உள்ளே போயிற்று, கை போயிற்று, முகம் போயிற்று, கடைசியில் சிவப்புத் துணியும் போயிற்று. ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.