கித்தேரியாவின் கல்லறைக் கவிதை

ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலாம் வருஷம், ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் தோல் பதனிடும் பார்த்தொலோமேயின் மகள் குவாதல்கிவிர் ஆற்றோடு போனாள். ஒன்பது வயசு. துணி அலச இறங்கியவளை மூன்றாம் நாள் ஆலைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து அவனே தூக்கி வந்தான்.

கல்லறைக்கு நாலு வரி கேட்டுப் பிரபு குலத்துக் கவிஞர் தோன் ஃபத்ரீக்கேயிடம் போனான். அப்போது ஊரே அவர் புகழ் பாடியது. பாதி லத்தீன் வார்த்தைகள். வாக்கியத்தின் தலை முதல் வரியில் என்றால் வால் நாலாவதில். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் எழுதித் தந்ததைக் கல்லில் வெட்டிய கல்தச்சன் எனக்கும்தான்.

கல் நட்ட அன்று பார்த்தொலோமேயின் மனைவி எல்விரா அவனிடம் கேட்டாள்: "என்னய்யா எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினான். அவனுக்கே விளங்கவில்லை. கோயில் பணியாள்தான் பொருள் சொன்னார்: "ஆறுங்கிற வெள்ளிக் காதலன், நீர்மகளைப் பளிங்குப் படுக்கைக்குக் கூப்பிட்டானாம்."

எல்விரா அழவில்லை. கல்லின்மேல் காறித் துப்பினாள்.

பார்த்தொலோமே நேரே கவிஞர் வீட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன். நண்பர்களோடு மதிய உணவில் இருந்தார்.

"ஐயா, எம் பொண்ணு பேரு அதுல எங்க இருக்கு?"

"பேரைச் சொன்னா அது கவிதையாப்பா? நீர்மகள்னு சொன்னேனே, அவதான்."

"சரி, அவ பேரு என்ன? இப்பச் சொல்லுங்க."

 கவிஞர் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தார். "நான் கழுதைங்களுக்கு எழுதறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பார்த்தொலோமே அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"அவ வாயெல்லாம் பாசிடா! கண்ணெல்லாம் சேறு! இந்தக் கையாலதான் தொடச்சேன். அது உனக்குப் பளிங்கா?"

பிரபு மேல் கைவைத்த குற்றத்துக்கு எட்டு நாள் சிறை.

மறுநாளே எல்விரா என் பட்டறைக்கு வந்தாள். "செதுக்கி எடு, எல்லாத்தையும்."

நாலு வரியையும் இரண்டு நாள் கொத்தி எடுத்தேன். எனக்கும் ஆத்திரம்தான், ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியவன் நானல்லவா?

"இப்ப என்னம்மா எழுத?"

"கித்தேரியா. ஒம்போது வயசு. ஆறு கொன்னுடுச்சு. எங்களுக்குக் கோவம் ஆறல."

அப்படியே வெட்டினேன். கல்லறையில் கோபம் கூடாது, கடைசி வரியை எடு என்றார் பாதிரியார்.

"உளி மழுங்கிப்போச்சு, சாமி" என்றேன்.