காலர் வைத்த சட்டை

சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் இருபத்தெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். துணி வெட்டுகிறவள் மட்டும் ஒருத்திதான். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி மிஷின் கத்தியை ஓட்டினாளென்றால், மேல் துண்டுக்கும் அடித்துண்டுக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. அதனால் வயதில் மூத்தவர்கள்கூட அவளை மாஸ்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மாஸ்டரக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கால் வீங்கியபோது நின்று வேலை பார்ப்பதால்தான் என்று நினைத்தாள். சோறு குமட்டியபோது பித்தம் என்றாள். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒன்பது நாள் கழித்து வெளியே வந்தபோது கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும் என்றார்கள்.

முதலாளியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, மற்ற மூன்று நாளுக்கு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூடத்தில் "வயித்துல புண்ணு" என்றாள். தூர ஊரில் இருந்த தம்பியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் செத்தபோது ஒரு வருஷம் முழுக்க ஊரே அவளை 'ஐயோ பாவம்' என்று பார்த்தது. அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

குழாயை மறைக்க, கழுத்து மூடிய காலர் வைத்து நாலு சட்டை வெட்டித் தைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, கழுத்து வரைக்கும் பட்டன்? மேனேஜர் ஆயிட்டியா?" என்று கேட்டாள் காஜா. சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா அடிக்கிற பெண் என்பதால் அவளுக்கு அதுவே பேராகிவிட்டது.

நாலு மணி டீக்கு இவர்கள் இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது வழக்கம். இப்போது ஒரு நாளைக்குச் சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிக்குப் போனால் குடிக்கத் தோன்றும். குடிக்காமல் இருந்தால் ஏனென்று கேட்பார்கள். மாஸ்டரக்கா போகாமலே இருந்துவிட்டாள். காஜா இரண்டு வாரம் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மாஸ்டரக்கா வேறு கம்பெனிக்குத் தாவப் போகிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

நாலு மணிக்குக் கூடம் காலியாகிவிடும். யாருமில்லாத அந்தப் பத்து நிமிஷத்தில், அளவு எடுக்கும் மரஸ்கேலைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொள்வாள். அப்படி ஓர் அரிப்பு. நாக்கில் எப்போதும் இரும்பை நக்கினது போல ஒரு ருசி.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த செருப்பு வைத்த இடத்தில் இருக்கும். என்ன செய்வது? டீ போடுவாள். குடிப்பாள். இன்னொன்று போடுவாள்.

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, எடை பார்த்த சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நாலு கிலோ ஏறியிருக்கு. எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணி தொடவே இல்ல சிஸ்டர். டீதான்."

"ஏன், டீ என்ன மணல்லயா போடுறீங்க?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் சத்தமாகச் சிரித்தார். இரண்டு வருஷமாக வருகிறவர். அவர் மனைவி கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஸ்டூலைப் பார்க்காமல் இருக்கவே மாஸ்டரக்கா ஒவ்வொரு தடவையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. உள்ளே யாரோ கயிறு திரிப்பது போல இருந்தது. மாஸ்டரக்கா துண்டைக் கடித்துக்கொண்டாள். யாரையும் கூப்பிடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்ததை டிரைவரின் மனைவி பார்த்துவிட்டாள். "சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே எழுந்து வந்து, அவள் உள்ளங்காலில் தன் கையை வைத்து, விரல்களை முழங்கால் பக்கமாக அழுத்திப் பிடித்தாள்.

"விடுங்க, காலைப் போய்த் தொட்டுக்கிட்டு..."

"சும்மா இரும்மா. கால்ல என்ன முள்ளா இருக்கு?"

சிஸ்டர் வந்து மிஷினில் தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தாள். முறுக்கு மெல்ல விட்டது. மாஸ்டரக்காவின் அழுகை மட்டும் நிற்கவில்லை. எட்டு வருஷமாக அவளை ஊசி குத்தவும் நாடி பார்க்கவும்தான் யாராவது தொட்டிருந்தார்கள்.

"இழுக்க ஆரம்பிச்ச உடனே கூப்பிடணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன் அவ்வளவு டீ?"

"வீட்டுல பேச ஆளில்ல சிஸ்டர். டீ போட்டா ஒரு வேலை, குடிச்சா ஒரு வேலை."

சிஸ்டர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். பிறகு, ஒரு நாளைக்கான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைக்கச் சொன்னாள். டீ குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிட வேண்டும். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். அரிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அரிப்பு வராம இருக்கக் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டோட போடுறீங்களா, அப்புறமாவா?" என்றாள். அப்புறமாகத்தான். சாப்பாட்டோடு போட்டால்தான் அது வேலை செய்யுமாம். அதைப் போய் யாரிடம் கேட்பது என்று இருந்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பும்போது முதல் மாடிப்படி தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் பூட்டியிருந்தது. போனைக் கையில் எடுத்தாள். தம்பிக்கு அடித்தால் அவன் அங்கே இருந்துகொண்டு துடிப்பான். காஜாவுக்கு அடித்தாள்.

காஜா கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். மேலே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, மூச்சு விட வசதியாக இருக்கட்டுமென்று காலர் பட்டனைத் தளர்த்தினாள். குழாயைப் பார்த்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது?"

மாஸ்டரக்கா சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். காலை உயர்த்திப் படுக்கட்டும், அரை மணியில் சரியாகாவிட்டால் உடனே கூட்டி வாருங்கள் என்றாள் சிஸ்டர். சரியாகிவிட்டது. அது வரைக்கும் பொறுத்திருந்த காஜா அப்புறம் பொரிந்து தள்ளினாள்.

"இதை மறைக்கத்தான் காலரா? நீ எங்களைக் கழட்டி விட்டுட்டேன்னு நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? நான் என்ன உனக்கு அவ்வளவு வேத்தாளா?"

"பாவம்னு பாப்பீங்கன்னுதான்..."

"பாவமா? உன்னையா? ஓங்கி ஒண்ணு அறையலாம்போல இருக்கு."

மாஸ்டரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடக் களைப்பாக இருந்தது.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வியாழக்கிழமைகளில் முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, காஜா ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிப்போக வந்தாள். மற்ற இரண்டு நாள் அவளுக்கும் வீடு, பிள்ளைகள் என்று இருந்தது. தம்பியிடம் சொன்னபோது அவன் போனிலேயே விக்கி விக்கி அழுதான். வந்து ஒரு வாரம் இருந்தான், போய்விட்டான். போகத்தானே வேண்டும்? ஊசியும் மிஷினுமாக அந்த நாலு மணி நேரத்தை அவளுக்குப் பதில் வேறு யாரும் படுத்துக் கழிக்க முடியாது. அது அவளுக்குப் புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். சனிக்கு அப்புறம் செவ்வாய் வரை மிஷின் கிடையாது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் மூன்று மணிக்குப் பாட்டிலில் நாலு விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது. டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் போன் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டிருந்தாள். அவள் அதில் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. அன்று எழுதினாள்.

"ரொம்பத் தாகமா இருக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் முகம் தெரியாத ஒருவர், "எனக்கும்" என்று எழுதினார். பிறகு இன்னொருவர். லாரி டிரைவர், "எனக்குக் காலையில இருந்தே" என்று எழுதினார்.

மாஸ்டரக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் யாராவது எழுதுவார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.