வெப்பப் படத்தில் சொலாஞ்ச்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாண்ட்ரியலில் நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையில், என்னோடு வேலை செய்யும் சொலாஞ்ச் மாவு பிசைந்துகொண்டே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை ஒல்லியாக்கிடாத."

2

அந்த அறை குளிர்ந்துபோய்... (இல்லை. கதகதப்பாகத்தான் இருந்ததாம். குளிர் என் கற்பனை.)

மறுபடி தொடங்குகிறேன். கணவன் ரொசேர் இறந்தபின் தனியாக வாழும் சொலாஞ்ச், ஐம்பதைத் தாண்டியவள், பெண்களின் ஆசையை ஆராயும் ஒரு ஆய்வுக்கூடத்தில் இடுப்புக்குக் கீழே உடையில்லாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா. ஆசை எழுந்தால் அங்கே ரத்தம் பாய்ந்து சூடு ஏறும். தொடாமலே கேமரா கண்டுகொள்ளும். பக்கத்து அறையில் ஆய்வாளன் யானிக் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் போனாள்? ஆர்வக்கோளாறு என்று எழுதி, அடித்துவிட்டேன். எங்கள் கடைக்கு மாவு லாரி ஓட்டிவரும் பெனுவா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான்.

"சரின்னு சொல்லிட்டு, உள்ள ஒண்ணுமே மிச்சமில்லன்னா? பாவம்டி அந்த மனுஷன். முதல்ல எனக்குத் தெரியணும்ல."

3

முதலில் ஏதோ ஒரு படகுப் பயணப்படம் ஓடியது. பிறகு காமப்படம். அதில் அவள் கண்ணில் பட்டதெல்லாம் துவைக்காத படுக்கை விரிப்புதான்.

முடிந்ததும் உடுத்திக்கொண்டு வந்து கேட்டாள்: "தேறுவேனா?"

"தனி ஆளோட முடிவைச் சொல்லக்கூடாது, மதாம்."

"செத்துட்டேனா இல்லையான்னு மட்டும் சொல்லுப்பா."

யானிக் தயங்கினான். "அந்தப் படகுப் படம் சும்மா மனசு அடங்கறதுக்குப் போடறது. உங்களுக்கு அதுலதான் சூடு ஏறிச்சு."

படகின் மேல்தளத்தில் ஒருவன், காற்று அடிக்கிறதென்று மனைவியின் கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டான். அவ்வளவுதான் படத்தில்.

(அது ஆசையா, ஏக்கமா? கேமரா சொல்லாது. எனக்கும் தெரியவில்லை. வெளியே வந்து அவள் பேருந்து நிறுத்தத்தில் கம்பீரமாக நின்றாள் என்று எழுதியிருந்தேன். "அழுதேன்னு மாத்து," என்றாள்.)

4

இரண்டு முடிவுகள் எழுதிப் படித்துக் காட்டினேன். ஒன்றில் பெனுவாவோடு போகிறாள். மற்றதில் ரொசேரின் நினைவே போதுமென்று—

"ரெண்டையும் கிழிச்சுப் போடு. நானே இன்னும் முடிவு பண்ணல, நீ யாருடி?"

அப்போது பின்பக்கம் லாரி வந்து நின்றது. அவள் ஏப்ரனைக் கழற்றினாள். ஒரு கணம் நின்று மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அடுப்பைப் பாத்துக்கோ."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெனுவா தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்கிறான். சொலாஞ்ச் ஏதோ சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வேண்டுமானால் நீங்கள் பாருங்கள்.